ஒரு கிலோ பிஸ்மத் கட்டி: வாங்கலாமா, வாங்கினால் என்ன செய்வது?

தனிம அட்டவணையில் 118 கட்டங்கள். காசு கொடுத்து வாங்க முடியுமா, வீட்டில் வைக்க முடியுமா, கையில் எடுக்க முடியுமா, அடுப்பில் ஏற்றி உருக்க முடியுமா என்று ஒவ்வொரு நிபந்தனையாகப் போட்டு வடிகட்டினால் மிஞ்சுவதை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த மிச்சத்தில் முதலிடம் 83ஆம் கட்டத்துக்கு, அதாவது பிஸ்மத் என்ற உலோகத்துக்கு. தங்கம்தான் பிடிக்கும் என்பவர்களோடு சண்டை இல்லை. ஆனால் தங்கம் பீரோவில் தூங்கும். பிஸ்மத் வேலை செய்து காட்டும்.

இணையக் கடைகளில் இது இரண்டு விதமாகக் கிடைக்கிறது. ஒன்று, வானவில் நிறத்தில் ஏற்கெனவே வளர்த்து முடித்த படிகம். மற்றது, வெள்ளி நிறத்தில் லேசான ரோஜாச் சாயல் கொண்ட வெறும் கட்டி. 500 கிராம், 1 கிலோ என்று எடை போட்டு விற்பார்கள். வாங்க வேண்டியது இரண்டாவதைத்தான். படிகத்தை வாங்கினால் அது ஒன்றே ஒன்று, ஒரு விளிம்பு உடைந்தால் கதை முடிந்தது. கட்டியை வாங்கினால் சலிக்கும்வரை படிகம் வளர்க்கலாம், பிடிக்காததைத் திரும்ப உருக்கலாம்.

வண்ணப் படிகத்தை "இயற்கையில் கிடைத்த கல்", "சக்தி தரும் கல்" என்று விற்கும் கடைகளும் உண்டு. மண்ணிலிருந்து தோண்டி எடுக்கும் பிஸ்மத் பெரும்பாலும் மங்கலான, உருவமில்லாத துண்டுகளாகத்தான் இருக்கும். கடையில் பளபளக்கும் படிக்கட்டுப் படிகங்கள் யாரோ ஒருவர் பாத்திரத்தில் உருக்கி வளர்த்தவை. அதில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இயற்கை என்று சொல்லி விலை ஏற்றுபவரிடம் வேறு எதையும் நம்பி வாங்க வேண்டாம்.

வந்தது பிஸ்மத்தா என்று பார்ப்பது

99.99 சதவீதத் தூய்மை என்று போட்டிருப்பதையே வாங்குங்கள். இது அழகுக்காக மட்டும் சொல்வதல்ல. பிஸ்மத்தின் பெரும்பகுதி ஈயம், டங்ஸ்டன் போன்ற உலோகங்களைப் பிரித்தெடுக்கும்போது உபரியாகக் கிடைப்பது. சுத்திகரிப்பு அரைகுறை என்றால் முதலில் ஒட்டிக்கொண்டு வருவது ஈயம். அது உடம்புக்கும் கெடுதல், படிகத்துக்கும் கெடுதல். வேறு சிலர் தாழ்ந்த வெப்பத்தில் உருகும் பிஸ்மத் கலவைகளைச் சுத்தமான பிஸ்மத் என்ற பெயரில் தள்ளிவிடுவார்கள்.

சோதிக்க ஆய்வகம் தேவையில்லை, ஒரு கிராம் வரை காட்டும் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கட்டி முழுதாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கொண்ட பிளாஸ்டிக் டப்பாவைத் தராசில் வைத்து, டேர் பொத்தானை அழுத்திச் சுழியாக்குங்கள். கட்டியை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிடுங்கள். அடியிலும் பக்கத்திலும் படக்கூடாது. ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகளை ஆட்டி விரட்டுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம்தான் கட்டியின் கன அளவு, மில்லிலிட்டரில். பிஸ்மத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 9.78 கிராம். ஆகவே சரியாக ஒரு கிலோ கட்டி என்றால் 102 காட்ட வேண்டும். ஈயம் என்றால் 88 காட்டும், வெள்ளீயம் என்றால் 137. சந்தையில் அதிகம் புழங்கும் பிஸ்மத்–வெள்ளீயக் கலவை 117க்குப் பக்கத்தில் நிற்கும். 101, 103 என்று வந்தால் கவலை வேண்டாம், நூலும் குமிழியும் அவ்வளவு தூரம் ஏமாற்றும்.

கண்ணாலேயே தெரியும் ஓர் அடையாளமும் உண்டு. பெரும்பாலான உலோகங்கள் உறையும்போது சுருங்கும், அதனால் வார்த்த கட்டியின் மேற்புறம் நடுவில் குழிந்திருக்கும். பிஸ்மத் உறையும்போது சுமார் 3.3 சதவீதம் விரிகிறது. கடைசியாக உறையும் திரவம் பிதுங்கி மேலே வருவதால் கட்டியின் முதுகில் ஒரு புடைப்போ சிறு முத்தோ இருக்கும். சுத்தியலால் ஓரத்தில் தட்டினால் ஈயம் நசுங்கும். பிஸ்மத் பட்டென்று உடைந்து, உள்ளே பளிச்சென்ற தட்டையான முகங்களைக் காட்டும்.

சந்தேகம் இன்னும் தீரவில்லை என்றால் உருக்கும்போது வெப்பநிலையைக் கவனியுங்கள். சுத்தமான பிஸ்மத் ஆறும்போது 271 டிகிரி செல்சியஸில் வந்து நின்றுவிடும், உறைந்து முடியும்வரை இறங்காது. கலவை அந்த 271இல் நிற்காது. பெரும்பாலும் கூழ் கூழாக இறங்கிக்கொண்டே போகும். இதை அளக்க மல்டிமீட்டரோடு வரும் கே வகைத் தெர்மோகப்பிள் கம்பி போதும். துப்பாக்கி மாதிரி நீட்டி அளக்கும் அகச்சிவப்பு வெப்பமானியை நம்ப வேண்டாம். பளபளக்கும் உலோகம் மிகக் குறைவாகவே கதிர்வீசும் என்பதால் உண்மை வெப்பத்தைவிட மிகவும் தாழ்த்திக் காட்டும். அதை நம்பித் தீயைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் உலோகத்தின் மேல் தடித்த ஆக்சைடு ஆடையைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஒரு கிலோ என்பது எவ்வளவு?

விற்பவர் யாரும் சொல்லாத கணக்கு இது, முதன்முறை முயல்பவர்கள் அதிகம் ஏமாறுவதும் இங்கேதான். ஒரு கிலோ பிஸ்மத் உருகினால் வெறும் 100 மில்லிலிட்டர். பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள சட்டியில் ஊற்றினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். அந்த ஆழத்தில் படிகம் வளர இடமே இல்லை; அடியில் தட்டையாக ஒட்டிய வில்லைதான் கிடைக்கும். பெரிய சட்டி வேண்டும் என்றால் மூன்று கிலோ வாங்குங்கள். ஒரு கிலோதான் என்றால் குறுகலான பாத்திரத்துக்கு மாறுங்கள். ஆறு சென்டிமீட்டர் அகலத்தில் அதே ஒரு கிலோ மூன்றரை சென்டிமீட்டர் உயரம் நிற்கும்.

இதற்கு வாகாக நம் வீடுகளில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது: எவர்சில்வர் காபி டம்ளர். வாய் அகலம், அடி குறுகல். அதனால் உறைந்தது பக்கவாட்டில் விரிந்தாலும் மேல்நோக்கி நழுவ வழியிருக்கிறது, கவிழ்த்துத் தட்டினால் வெளியே வரும். மடித்த விளிம்பு இடுக்கிக்கு நல்ல பிடி. அதன் டபரா, வடித்து ஊற்றும் திரவத்தைப் பிடிக்கும் தட்டாக உதவும். சற்றுத் தடித்த தகடாகப் பார்த்து எடுங்கள். ஒருமுறை பிஸ்மத் உருக்கிய டம்ளர் அதன்பின் காபிக்கு ஆகாது. மேலே ஆணியால் கீறி அடையாளம் போட்டு வேறிடத்தில் வையுங்கள்.

எவர்சில்வர் என்றால் எவர்சில்வர் மட்டும்தான். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். அந்தப் பூச்சு வெள்ளீயம், 232 டிகிரியிலேயே உருகி பிஸ்மத்தில் கரைந்துவிடும். 58 பங்கு பிஸ்மத்தும் 42 பங்கு வெள்ளீயமும் சேர்ந்தால் உருகுநிலை 139 டிகிரிக்கு இறங்கிவிடும். ஒரு துளி வெள்ளீயம் கலந்தாலும் படிகத்தின் விளிம்பு மழுங்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அதுவே உருகி ஓடிவிடும். செம்பும் மெல்ல மெல்லக் கரையும். கண்ணாடி, பீங்கான் எதிலும் உறையவிடக்கூடாது, விரிவு உடைத்துவிடும். கைப்பிடி வைத்த பாத்திரம் என்றால் அது சால்டர் வைத்து ஒட்டியதா என்று பாருங்கள். வெள்ளீயமும் ஈயமும் கலந்த சாதாரண சால்டர் 183 டிகிரியிலேயே விட்டுவிடும். தூக்கிய கையில் கைப்பிடி மட்டும் மிஞ்சும்.

உருக்குவது

ஒரு கிலோவை அறை வெப்பத்திலிருந்து உருக்கி முடிக்க ஏறத்தாழ 84 கிலோஜூல் தேவை. ஒரு லிட்டர் தண்ணீரை இருபது டிகிரி சூடாக்குவதற்குச் சமம், அவ்வளவே. சமையல் எரிவாயு அடுப்பின் சின்ன பர்னரே போதும். டம்ளரை நேராக பர்னர் கம்பிகளில் நிறுத்தினால் சாயும், ஆகவே பழைய இரும்புத் தோசைக்கல் ஒன்றை இடையில் போடுங்கள். சூடு பரவலாக ஏறும், அடுப்பை அணைத்த பிறகு கல்லின் சூடே ஆறுவதைத் தாமதப்படுத்தும். இண்டக்‌ஷன் அடுப்பு இதற்குச் சரிவராது. பலவற்றில் வெற்றுப் பாத்திரப் பாதுகாப்பு விழித்துக்கொண்டு, உருகுநிலைக்கு முன்பே அணைத்துவிடும்.

பெரிய எதிரி தண்ணீர். உருகிய உலோகத்துக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் அகப்பட்டால் நொடியில் நீராவியாகி உலோகத்தை முகத்துக்கு வீசும். அடர்த்திச் சோதனைக்கு நனைத்த கட்டியை அன்றே உருக்கக்கூடாது, நன்றாகக் காயவிடுங்கள். டம்ளரின் மடித்த விளிம்புக்குள்ளும் கழுவிய தண்ணீர் ஒளிந்திருக்கும். வெறும் டம்ளரை முதலில் சூடாக்கி அதை ஓட்டிவிடுங்கள். கரண்டி, இடுக்கி முனை, ஊற்றப்போகும் டபரா எல்லாவற்றையும் கல்லின் ஓரத்தில் வைத்துச் சூடேற்றிய பிறகே உலோகத்தைத் தொடவிட வேண்டும். கீழே காய்ந்த மணல் பரப்பிய இரும்புத் தட்டு. தோல் கையுறை, கண்ணாடி, பருத்தி உடை. நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். வீட்டுக்குள் வெறுங்காலோடு நடப்பது நம் பழக்கம், இந்த ஒரு வேலைக்கு மூடிய செருப்போ ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். குழந்தைகளும் பூனையும் அறைக்கு வெளியே.

ஒரு கிலோ எடையை இடுக்கியில் தூக்கிச் சரிப்பது பார்க்க எளிது, செய்ய அவ்வளவு எளிதில்லை. கட்டியைச் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து டம்ளரில் போட்டு, அடுப்பு பற்றவைக்கும் முன்பே ஒருமுறை தூக்கிச் சரித்துப் பாருங்கள். பிடி நழுவினால் இடுக்கியை மாற்றுங்கள்.

துண்டுகள் அடியிலிருந்து சரியத் தொடங்கும். பாதி உருகியபின் மீதி விரைவாக உருகிவிடும். உறைந்த பிஸ்மத் அதன் திரவத்தைவிட இலேசு, ஆகவே கடைசித் துண்டுகள் பனிக்கட்டிபோல் மேலே மிதக்கும். எல்லாம் உருகியதும் 300 டிகிரி வரை கொண்டுபோய் நிறுத்துங்கள். மேலே சாம்பல் நிற ஆடை படிந்திருக்கும். சூடான கரண்டியை ஓரத்தில் சாய்த்து வைத்து அதை மெதுவாக ஒதுக்கி எடுங்கள். எடுக்கும்போது டம்ளரின் பக்கத்தில் அழுத்தினால் ஆடையில் சிக்கிய நல்ல உலோகம் திரும்ப உள்ளே வடியும். ஆடை நீங்கிய இடத்தில் கண்ணாடி மாதிரி பளபளப்பு. இரண்டொரு நொடியில் அது பொன்னிறமாகி, ஊதாவாகி, நீலமாகும். அதைக் கண்டதும் திரும்பத் திரும்ப வழிக்கத் தோன்றும். ஒவ்வொரு வழிப்பும் உலோகத்தை ஆக்சைடாக்கி வீணாக்குவதுதான். இரண்டு முறை போதும்.

கொதிநிலை 1,564 டிகிரி என்பதால் இந்தச் சூட்டில் புகையாக எழுந்து மூச்சில் ஏற வாய்ப்பு மிகக் குறைவு. வழித்தெடுத்த ஆக்சைடுத் தூள்தான் கவனிக்க வேண்டியது; ஊதக்கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும், மின்விசிறி வேண்டாம்.

ஊற்றும் நேரம்

அடுப்பை அணைத்து, டம்ளரைக் கல்லிலேயே விட்டு, மேலே ஓர் இரும்புத் தட்டால் மூடுங்கள். மூடுவது ஏன் என்றால், உறைந்தது மிதக்கும். மேற்புறம் காற்றில் சீக்கிரம் ஆறும். இரண்டும் சேர்ந்து மேலே கனத்த ஓடு கட்டிவிட்டால், அடியில் படிகம் வளர்ந்திருந்தாலும் திரவத்தை வடிக்க வழி இருக்காது. டம்ளரைச் சுற்றி ராக்வூலோ (சூடு காக்கும் கல்பஞ்சு) செங்கலோ வைத்தால் இன்னும் மெதுவாக ஆறும். மெதுவாக ஆறினால் படிகங்கள் குறைவாகவும் பெரிதாகவும் வரும், விரைவாக ஆறினால் அரிசி அரிசியாக.

மூடியைச் சற்று விலக்கி டம்ளரைக் குறடால் மெல்லத் தட்டுங்கள். முழுப் பரப்பும் அலை அடித்தால் இன்னும் நேரம் இருக்கிறது. ஓரங்கள் அசையாமல் நடு மட்டும் நடுங்கினால் பாதி உறைந்திருக்கிறது, அதுதான் தருணம். சதுர வடிவக் கோடுகள் சில மேலே தெரியவும் கூடும். தயங்காமல் ஒரே சீராகச் சரித்து டபராவில் வடித்துவிடுங்கள். ஓடு கட்டிவிட்டிருந்தால் சூடான திருப்புளி முனையால் ஓரத்தில் ஒரு துளையும் எதிர்ப்பக்கம் காற்றுக்கு ஒரு துளையும் போட்டு வடிக்கலாம்.

உள்ளே பார்க்கக் கிடைப்பது தெப்பக்குளத்தின் படிகளைப்போல் சதுரம் சதுரமாக உள்நோக்கி இறங்கும் படிகங்கள். படிகத்தின் விளிம்புகளும் மூலைகளும் திரவத்துக்குள் நீட்டிக்கொண்டு வேகமாக வளர்கின்றன. முகத்தின் நடுப்பகுதி பின்தங்கிவிடுகிறது. அதனால் ஒவ்வொரு முகமும் குழிந்து, படிகளாக நின்றுவிடுகிறது. பார்வைக்கு மூலைகள் செங்கோணம். உண்மையில் 90 டிகிரிக்குச் சற்றுக் குறைவு. பிஸ்மத்தின் அணு அடுக்கு கனசதுரம் இல்லை, லேசாக நசுங்கிய சாய்சதுர வகை.

நிறம் படிகத்துக்குள் இல்லை. சூடான உலோகம் காற்றில் பட்டதும் மெல்லிய ஆக்சைடுத் தோல் உருவாகிறது. அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று மோதி, சில நிறங்களை அழித்துச் சிலவற்றைத் தூக்கிக் காட்டுகிறது. தோலின் தடிமன்தான் நிறம். மெல்லியது பொன்மஞ்சள், அடுத்து செவ்வூதா, பிறகு நீலம், அதற்கும் மேல் பச்சையும் இளஞ்சிவப்புமாகக் கலங்கும். இங்கே கொஞ்சம் கையாள இடமிருக்கிறது. வடித்ததும் டம்ளரை மூடிச் சூட்டிலேயே வைத்தால் தோல் தடிக்கும், நிறம் நீலம் தாண்டிப் போகும். பொன்னிறத்திலேயே நிறுத்த வேண்டுமானால் படிகத்தை உடனே வெளியே எடுத்துக் காற்றோட்டத்தில் ஆறவிட வேண்டும். தண்ணீரில் போட்டு ஆற்றினால் விரிசல் விழும், அந்தக் குறுக்குவழி வேண்டாம். நிறம் பிடிக்கவில்லையென்றால் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நொடி நனைத்தால் தோல் கரைந்து வெள்ளி நிறம் திரும்பும்.

எல்லாம் சரியாகச் செய்தும் படிகம் சாம்பல் நிறமாக, விளிம்பு மழுங்கி வந்தால் கசடுதான் காரணம். இதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. பிஸ்மத் உறையும்போது ஈயம், வெள்ளீயம் போன்றவை திரவத்திலேயே தங்க விரும்பும். ஆகவே வடித்தெடுத்த திரவத்தைவிட டம்ளரில் மிஞ்சிய படிகம் தூய்மையானது. கடைசியாக வடிந்த பங்கைத் தனியே ஒதுக்கிவிட்டுப் படிகங்களை மட்டும் மறுபடி உருக்குங்கள். இரண்டு சுற்று போனால் சுமாரான சரக்கும் தேறிவிடும், எடை குறையும் அவ்வளவுதான். பெரும்பாலோர் நேர்மாறாக, வடிந்ததைத் திரும்பத் திரும்ப உருக்கிவிட்டுச் சரக்கைத் திட்டுகிறார்கள்.

மற்ற போட்டியாளர்கள்

காலியம் பலருக்கும் முதல் ஆசை. கையில் வைத்தால் உருகும் உலோகம், 29.76 டிகிரி. 1871இல், தனிம அட்டவணையை வகுத்த மெண்டலீவ் "இப்படி ஒன்று இருக்க வேண்டும்" என்று கட்டத்தைக் காலியாக விட, 1875இல் பிரான்சின் லெகோக் து புவாபோத்ரான் கண்டுபிடித்த தனிமம் அது. அவர் முதலில் அளந்த அடர்த்தி 4.7; மெண்டலீவ் ஏறத்தாழ 5.9 இருக்க வேண்டும், மீண்டும் அளந்து பாருங்கள் என்றார்; மெண்டலீவ்தான் சரி. கதையில் காலியத்துக்கு முதல் பரிசு கொடுக்கலாம். பொருளாக வாங்கும்போது நிலைமை வேறு. சென்னையிலோ மதுரையிலோ ஆண்டின் பெரும்பகுதி அது பாட்டிலில் ஏற்கெனவே திரவமாகத்தான் இருக்கும். உள்ளங்கையில் உருகும் வேடிக்கையைக் காட்ட முதலில் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும். உறைநிலைக்குக் கீழே போயும் அது உறையாமல் அடம்பிடிக்கும், உறைந்த காலியத் துணுக்கு ஒன்றைப் போட்டால்தான் இறங்கி வரும். 20 கிராம் என்பது மூன்றரை மில்லிலிட்டர்கூட இல்லை. தோலிலும் கண்ணாடியிலும் சாம்பல் கறையாக ஒட்டும். அலுமினியத்தில் பட்டால் உலோகத்துக்குள் ஊடுருவி அதை மண்கட்டிபோல் உதிர வைத்துவிடும். குக்கர், இட்லிக் கொப்பரை, லேப்டாப்பின் மேல்தகடு என்று வீட்டில் எத்தனை அலுமினியம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். விமானத்தில் கொண்டுபோக முடியாததும் இதனால்தான். அரை மணி நேர வேடிக்கை, அரை நாள் துடைப்பு.

டங்ஸ்டன் கனசதுரம் கையில் வைத்ததும் யாரையும் அசத்தும். ஓர் அங்குலக் கட்டி 315 கிராம். தங்கத்தின் அடர்த்தி 19.3, இதன் அடர்த்தி 19.25. அந்த முதல் அசத்தலுக்குப் பிறகு அது காகிதம் பறக்காமல் பிடிக்கும் எடைக்கல். உருகுநிலை 3,400 டிகிரியைத் தாண்டும், ஆகவே வீட்டில் அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. வாங்குவதானால் அதே தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள். நிக்கலும் இரும்பும் கலந்த 17, 18 அடர்த்திக் கட்டிகள் சுத்த டங்ஸ்டன் விலையில் போகின்றன.

அக்ரிலிக் கட்டங்களுக்குள் எல்லாத் தனிமங்களையும் அடைத்து விற்கும் செட்டுகள் பள்ளிக்கூடக் காட்சிக்கு நன்று. வாயுக்களில் பெரும்பாலானவை வெற்றுக் கட்டமாகத் தெரியும், கதிரியக்கத் தனிமங்கள் பெரும்பாலும் படம் மட்டும். தொட முடியாத உலோகத்தில் எனக்கு ஆர்வமில்லை.

பாதரசத்தை வாங்கவே வாங்காதீர்கள். சித்த மருத்துவத்திலும் ரசமணியிலும் அதற்கு நீண்ட வரலாறு இருக்கலாம், ஆனால் வீட்டில் சிந்தினால் தரை இடுக்கில் புகுந்து ஆண்டுக்கணக்கில் ஆவியாகும். கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்ட பிறகும் அங்குள்ள மண்ணைச் சுத்தம் செய்யும் பேச்சு எத்தனை காலம் நீண்டது என்பது தெரிந்ததே.

பிஸ்மத்திடம் இன்னும் என்ன இருக்கிறது

1753இல் க்ளாட் ஜெஃப்ராய் பிரித்துக் காட்டும்வரை பலரும் இதை ஈயத்தின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். நிலையான தனிமங்களில் கடைசி என்று நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் எழுதின. 2003இல் பிரான்ஸில் அளந்தபோது இதுவும் சிதைகிறது என்று தெரிந்தது. அரை ஆயுள், அதாவது பாதி அணுக்கள் சிதைய ஆகும் காலம், சுமார் 1.9 × 10¹⁹ ஆண்டுகள், பிரபஞ்சத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல். கதிரியக்கம் என்று பயப்பட ஏதுமில்லை. ஜப்பானின் ரிகென் ஆய்வகம் 113ஆம் தனிமத்தை, அதாவது நிஹோனியத்தை, உண்டாக்கியதும் பிஸ்மத் தகட்டின்மேல் துத்தநாக அணுக்கருக்களை மோதவிட்டுத்தான். 2016இல் மும்பையின் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையக் குழு, சுத்தமான பிஸ்மத் படிகம் 0.00053 கெல்வினில் மின்தடையே இல்லாத மீகடத்தியாக மாறுகிறது என்று காட்டியது. மரபான கோட்பாட்டின்படி அது நடக்கக்கூடாத ஒன்று.

வீட்டிலேயே பார்க்க ஒன்று. சிறிய நியோடிமியக் காந்தத்தை நீண்ட நூலில் தொங்கவிட்டு, ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, பிஸ்மத் கட்டியை மெதுவாக அருகில் கொண்டு போங்கள். காந்தம் விலகிப் போகும். சாதாரண உலோகங்களில் இந்த அளவு காந்தத்தைத் தள்ளுவது வேறில்லை. மின்விசிறியை அணைத்துவிட்டுப் பாருங்கள், விசை அவ்வளவு மெல்லியது.

வயிற்றுப்புண்ணுக்குத் தரும் சில மாத்திரைகளில் பிஸ்மத் உப்பு இருக்கிறது, நாக்கு கறுப்பதும் அதனால்தான். அதை வைத்து "முழுக்கப் பாதுகாப்பான உலோகம்" என்று விற்பவர்கள் பேசுவார்கள். 1970களில் பிரான்சில் பிஸ்மத் மருந்துகளை அளவின்றி நெடுநாள் சாப்பிட்டவர்களுக்கு மூளை பாதிப்பே வந்தது. ஈயத்தோடு ஒப்பிட்டால் சாது, அவ்வளவுதான். கையாண்டபின் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

விலை, பராமரிப்பு

2025 பிப்ரவரியில் சீனா பிஸ்மத் உள்ளிட்ட சில உலோகங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு விலை வெகுவாக ஏறி இறங்கியது. பழைய காணொளிகளில் சொல்லும் விலையை நம்பிக் கடைக்காரரிடம் மல்லுக்கு நிற்க வேண்டாம். 100 கிராம் பொட்டலங்களாக வாங்கிச் சேர்ப்பது எப்போதும் நஷ்டம். படிகம் வளர்க்கும் எண்ணம் இருந்தால் ஒரு கிலோவுக்குக் குறைந்து வாங்குவதில் பயனில்லை. வெறுமனே காந்தத்தைத் தள்ளிப் பார்க்க மட்டும் என்றால் 200 கிராம் தாராளம்.

நல்லதாக வந்த படிகத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள், படிகளின் விளிம்பு அப்பளம் கணக்காக நொறுங்கும். மோதிரம், கம்மல் என்று செய்து விற்பதும் அதனால்தான் நிலைப்பதில்லை. பஞ்சு வைத்த டப்பாவில், வியர்வைக் கை படாமல் வைத்தால் நிறம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். உடைந்ததை அடுத்த உருக்கலுக்குச் சேர்த்துவையுங்கள். வழித்தெடுத்த ஆடையையும் தூளையும் சிங்க்கில் கொட்டாமல் மூடியுள்ள தகர டப்பாவில் போட்டுவையுங்கள். அதில் பாதிக்கு மேல் நல்ல உலோகம் முத்து முத்தாகச் சிக்கியிருக்கும், கொஞ்சம் சேர்ந்தபின் ஒருமுறை சூடாக்கிக் கரண்டியால் அழுத்தினால் அடியில் வடிந்துவிடும்.